'கிவ்' என்றால் கொடுப்பது மட்டும்தானா?

ஆங்கிலம் கற்பிப்பது என் தொழிலன்று. மத்ரஸாவில் சிறுவர் சிறுமியருக்குக் குர்ஆன் ஓதவும் மார்க்கச் சட்டங்களை அறியவும் கற்றுக்கொடுப்பவன் நான். ஆயினும் இளங்கலைப் பட்டம் பெற்றவன் என்னும் செய்தி எப்படியோ வெளிவந்துவிட்டது. அன்று முதல் எண்ணூர் வட்டாரத்துப் பெற்றோர் என்னை விடுவதாயில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலுள்ள சிறு பொழுதில், பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து அமர்ந்துவிடுவார்கள். நம் பிள்ளைகளோடு நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவனும் வந்துகொண்டிருந்தான். மற்றவர்கள் என்னை 'ஹஜ்ரத்' என்பார்கள். அவன் 'சார்' என்பான். அவனை அழைத்துப்போக வரும் அவன் தாயார் 'பாய்' என்பார்.

பிள்ளைகள் சொற்பொருள் எழுதி வைக்கும் குறிப்பேட்டைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். ஒன்றுக்கு ஒன்று. 'கிவ்' என்பதற்கு எதிரே 'கொடு' என்று எல்லாக் குறிப்பேடுகளிலும் எழுதியிருந்தது. தவறில்லை. ஆனால் மறுநாள் பாடத்தில், ஒருவர் புகைபிடிப்பதை 'கேவ் அப்' செய்தார் என்று வந்தது. நெட்டுக்குப்பத்துப் பையன் சற்றும் தயங்காமல், "அவர் புகையை மேலே கொடுத்தார்" என்று மொழிபெயர்த்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவன்மீது என்ன குற்றம்? 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. குறிப்பேடு அப்படித்தான் சொல்லியது.

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சிறு வினைச்சொற்கள் எல்லாம் இப்படித்தான். பெரிய சொற்கள் ஒரே பொருளோடு அடங்கியிருக்கும். சிறிய சொற்கள்தாம் ஆளை மயக்கும். 'ரன்' என்னும் ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியார் கணக்கிட்டது 2011இல் செய்தியாக வந்தது. 'கிவ்' அவ்வளவு தூரம் ஓடவில்லை. ஆயினும் அதன் குடும்பமும் பெரியதே. 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'கிவ் இன்' என்றால் பணிந்துபோ. 'கிவ் ஆஃப்' என்றால் மணமோ புகையோ வெளிவிடு. 'கிவ் அவே' என்றால் இலவசமாகக் கொடு. அதுவே காட்டிக்கொடு என்றும் பொருள்படும்.

அங்கே நிறுத்திப் பிள்ளைகளைக் கேட்டேன்: "தமிழிலும் 'காட்டிக்கொடு' என்கிறோமே, அதில் யார் எதை யாருக்குக் கொடுக்கிறார்கள்?" சற்று நேரம் விழித்தார்கள். பிறகு மடைதிறந்தது. விட்டுக்கொடு, சொல்லிக்கொடு, இடம்கொடு, குரல்கொடு, காதுகொடு, தோள்கொடு, ஈடுகொடு என்று அடுக்கினார்கள். "இமாம் ஸலாம் கொடுத்தார்" என்றாள் ஒரு சிறுமி. தொழுகையின் இறுதியில் ஸலாம் 'கொடுக்கிறோம்', தெருவில் எதிர்ப்படுபவருக்கு ஸலாம் 'சொல்லுகிறோம்'. இந்த வேற்றுமையை யாரும் நமக்குப் பாடமாக நடத்தியதில்லை. நம் சொல்லும் அவர்கள் சொல்லைப் போலவே பல வீடுகளுக்குப் போய்வருவதுதான். பிறந்த வீட்டில் இருப்பவனுக்கு அதன் வாசல்கள் எத்தனை என்று எண்ணத் தோன்றுவதில்லை.

கடலோரப் பிள்ளைகள் என்பதால் இன்னொன்றும் சொன்னேன். 'கிவ் வே' என்றால் வழிவிடு. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் இச்சொல் சட்டமாகவே நிற்கிறது. இரண்டு இயந்திரக் கப்பல்கள் ஒன்றன் பாதையை மற்றொன்று குறுக்கிடும்படி வந்தால், எந்தக் கப்பல் தன் வலப்புறத்தில் மற்றதைக் காண்கிறதோ அதுவே விலகிப்போக வேண்டும். அதற்கு 'கிவ் வே' கப்பல் என்று பெயர். மற்றது தன் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். இதே 'கிவ் வே' என்னும் சொல், துடுப்புப் படகில் தலைவன் வாயிலிருந்து வந்தால் விலகு என்று பொருளன்று. துடுப்பை வலித்துப் படகைச் செலுத்து என்று பொருள்! பாலம் 'கேவ் வே' ஆனது என்றால் இடிந்து விழுந்தது. ஒரு சொல் விலகச் சொல்கிறது, முன்னேறச் சொல்கிறது, விழவும் செய்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெங்கும் கருமையாய்ப் படிந்ததைப் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். எனவே இந்தப் பாடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நெட்டுக்குப்பத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சொல். சென்னையின் வடகோடியில், கொசஸ்தலையாறு கடலைச் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர் அது. சுற்றிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். ஆற்றுக்கு அப்பால், 2001இல் தொடங்கி இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் பெருந்துறைமுகம். கடல் சீறும் நாள்களில் இவ்வூராரை ஆறுதான் காப்பாற்றும். 2023 டிசம்பரில் அந்த ஆறும் கைவிட்டது. மிக்ஜாம் புயலின் பெருமழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கழிமுகமெங்கும் பரவிற்று. படகும் வலையும் கரிய பிசினாயின. மீனவர்கள் வாளிகளையும் குவளைகளையும் கொண்டு எண்ணெயை அள்ளிய காட்சியை நாடே நாளிதழ்களில் பார்த்தது.

அந்த நாள்களில் ஒரு மாலை, பையன் பாடப்புத்தகத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாளோடு வந்தான். தந்தைக்கும் பக்கத்து வீட்டார் சிலருக்குமாக ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டுமாம். தானே முயன்று, 'ப்ளீஸ் கிவ் அஸ் மணி' என்று தொடங்கியிருந்தான். "இப்படி எழுதலாமா?" என்று அதை அடித்துவிட்டு, 'கைண்ட்லி கிராண்ட் அஸ் ரிலீஃப்' என்று திருத்தினேன். பட்டதாரி எழுதியதல்லவா, மிடுக்காக இருந்தது. வாசலில் காத்திருந்த தாயார், "இன்னா பாய் எழுதினீங்க?" என்று கேட்டார். "தயைகூர்ந்து எங்களுக்கு நிவாரணம் அருளுங்கள் என்று எழுதியிருக்கிறேன், அம்மா" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அருளறதுக்கு நாங்க இன்னா கோயில் வாசல்லயா நிக்கறோம் பாய்? ஆத்துல எண்ணெய உட்டது நாங்களா? தர வேண்டியதத் தரச் சொல்லி எழுதுங்க."

எழுத்தறியாத அந்த அம்மையார் அன்று எனக்கு நடத்திய பாடம், நான் கல்லூரியில் படித்து மறந்த பாடம். அன்றிரவு தொல்காப்பியத்தைத் தேடி எடுத்தேன்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைப் பற்றிப் பேசுகிறார். மூன்றும் ஒன்றை வேண்டிக் கேட்கும்போது வருபவை. ஆனால் யார் யாரைக் கேட்பது? தாழ்ந்த நிலையில் நிற்பவன் உயர்ந்தவனைக் கேட்டால் 'ஈ' என்பான். ஒத்த நிலையினன் 'தா' என்பான். உயர்ந்தவன் கேட்டால் 'கொடு' என்பான். பின்வந்த நன்னூலும் இதையே விதியாக்கிற்று. ஆங்கிலத்தின் ஒரு 'கிவ்' இருக்கும் இடத்தில் மூன்று சொற்கள். அவற்றின் வேறுபாடு கொடுக்கும் பொருளில் இல்லை, கேட்பவன் நிற்கும் இடத்தில் இருக்கிறது. நாமோ பிச்சைக்காரர் முதல் முதலாளி வரை எல்லாரும் 'கொடு' என்று கேட்கும் காலத்தில் இருக்கிறோம். சென்னைப் பேச்சில் அது 'குடு' ஆகி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

இதே சொல்லதிகாரத்தின் தொடக்கத்தில், கிளவியாக்கத்தில், இன்னொரு விதியும் உண்டு. பலரும் இதனைக் கவனிப்பதில்லை. 'தா' என்பது என்னை நோக்கியோ உன்னை நோக்கியோ வரும் பொருளுக்கு. 'கொடு' என்பது அவனுக்கோ அவளுக்கோ செல்லும் பொருளுக்கு. எனக்குத் தா, உனக்குத் தருவேன், அவனுக்குக் கொடு. 'வா', 'செல்' என்பவற்றுக்கும் இவ்வாறே இடம் பிரித்திருக்கிறார். இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். மலையாளத்தில் இவ்வழக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. கேரளத்து ஆலிம் ஒருவர் என்னோடு சில காலம் பணியாற்றினார். "எனக்குக் கொடுங்கள்" என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சிறு சுளிப்பு தோன்றும். அவர் மொழியில் தனக்கு என்றால் 'தரு'தான். 'கொடு' என்றால் யாரோ மூன்றாமவருக்கு. தோடர், கோத்தர் முதலான நீலகிரிப் பழங்குடியினர் நடுவே 1930களில் தங்கி அவர்தம் மொழிகளைப் பதிவுசெய்த அமெரிக்க அறிஞர் எமனோ, திராவிட மொழிகளில் 'வா', 'தா' என்னும் வினைகளைப் பற்றி 'லாங்குவேஜ்' என்னும் ஆய்விதழில் 1945இல் ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். தொல்காப்பியர் சொன்ன இடப்பிரிவு தமிழுக்கு மட்டும் உரியதன்று, இம்மொழிக் குடும்பத்தின் பழஞ்சொத்து என்பது அதனால் புலனாயிற்று.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்னும் பழமொழியை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். உமறுப்புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் ஷைகு அப்துல் காதிர் அவர்களைப் பற்றியது அது. மூன்றாமவருக்குச் செல்வது கொடை என்பதால் அங்கே 'கொடுத்தான்' என்பது இலக்கணத்துக்கும் முற்றிலும் பொருந்துகிறது.

அரபி மொழியில் இதன் வகைகள் இன்னும் விரிவானவை. பொதுவாகக் கொடுப்பது 'இஃதா'. கைம்மாறு கருதாமல் தன் பொருளைப் பிறருக்கு உடைமையாக்குவது 'ஹிபா'. அன்பின் அடையாளமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது 'ஹதியா'. செலவிடுதல் 'இன்ஃபாக்'. இறைவனுக்காகக் கொடுப்பது 'ஸதகா'. ஸகாத்தைப் பற்றிக் குர்ஆன் பேசும் இடங்களில் 'ஈதா' என்னும் சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. ஒலி ஒத்திருக்கிறதே என்று 'ஈதா'வைத் தமிழ் 'ஈ'யோடு உறவாக்கிவிடக் கூடாது. நோன்புப் பெருநாளை ஈகைத் திருநாள் என்று நாம் அழைப்பதும் இப்படி ஒரு ஒலி நயந்தான். 'ஈத்' என்னும் அரபிச் சொல் திரும்பத் திரும்ப வரும் நாளைக் குறிப்பது, ஈதலை அன்று. ஃபித்ரா வழங்கும் நாளாகையால் தமிழ்ப் பெயரும் பொருத்தமாய் அமைந்துவிட்டது, அவ்வளவே.

சொல் வேறுபட்டால் சட்டமும் வேறுபடும். ஏழைகளை அழைத்து வயிறார உண்ண வைத்தால் அது நற்செயல். ஆனால் அதனால் ஸகாத் நிறைவேறாது என்பது ஹனஃபி சட்டம். உணவை அவருடைய உடைமையாகவே ஒப்படைத்துவிட்டால் நிறைவேறும். ஏனெனில் உண்ண அனுமதிப்பது வேறு, உடைமையாக்குவது வேறு. ஹிபாவும் அப்படியே. "இந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று நாலுபேர் கேட்கச் சொல்லிவிட்டு, சாவியைத் தம் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். கொடுப்பவர் சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், பொருள் கைமாற வேண்டும். கடைசியது நடவாமல் பெரியவர் மறைந்துவிட்டால், வாய்ச்சொல்லாய் நின்ற அந்தக் 'கொடுத்தேன்' பிள்ளைகளுக்கிடையே எத்தனை ஆண்டுப் பகையாக நீள்கிறது!

இன்னும் ஒன்று. செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் 'ஹக்' இருப்பதாக அத்தாரியாத், மஆரிஜ் ஆகிய அத்தியாயங்கள் கூறுகின்றன. 'ஹக்' என்றால் உரிமை. அப்படியானால் ஸகாத் பெறுபவர் நம் வாசலில் நின்று எச்சொல்லால் கேட்க வேண்டும்? தொல்காப்பியர் கணக்கில் அவர் 'ஈ' என்று குழைய வேண்டியதில்லை. 'தா' என்று கேட்கலாம். கடன் கொடுத்தவர் வந்து கேட்பதுபோல் கேட்கலாம். ரமளானில் நம் வாசல்களில் நிற்கும் நீண்ட வரிசையையும், அதில் நிற்பவரிடம் நாம் பேசும் தொனியையும் எண்ணிப் பார்க்கையில் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லுக்கே திரும்புவோம். பழைய ஆங்கிலத்தில் 'கிவ்' என்பதன் முதலொலி 'ய'வை ஒத்திருந்தது. கடல் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழி கலந்ததால் இன்றைய ஒலி வந்தது. அதிலிருந்து வந்த 'கிஃப்ட்' ஆங்கிலத்தில் பரிசு. அதே சொல் ஜெர்மன் மொழியில் நஞ்சு! மருந்தோ நஞ்சோ, 'கொடுக்கப்பட்டது' என்னும் பொருளில் தொடங்கி நஞ்சிலேயே நிலைத்துவிட்டது. அம்மொழியில் மணப்பெண்ணோடு அனுப்பும் சீர்ப்பொருளுக்கு 'மிட்கிஃப்ட்' என்று பெயர். 'உடன் கொடுப்பது' என்று பொருள். ஜெர்மானியர் அறிந்து செய்தார்களோ இல்லையோ, சீதனத்தின் பெயருக்குள் நஞ்சின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. நம்மவர் கைக்கூலி என்றார்கள், வரதட்சிணை என்றார்கள், இப்போது 'பெண்வீட்டார் பிரியப்பட்டுக் கொடுத்தது' என்கிறார்கள். அன்னிஸா அத்தியாயம் பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுக்குமாறு ஆண்களைப் பணிக்கிறது. கொடு என்னும் ஏவல் யாரை நோக்கியது என்பதில் அங்கே ஐயமே இல்லை. நாம் எழுவாயை மாற்றிவிட்டோம். இலக்கணப் பிழைகளிலெல்லாம் குடும்பங்களைக் கடனாளியாக்கும் பிழை இது ஒன்றுதான்.

இனி அந்த மனு. மறுநாள் பையனை அழைத்து, ஒரே பொருளன என்று புத்தகத்தில் போட்டிருந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். 'டொனேட்' என்றால் தன் விருப்பத்தால் கொடுப்பது, கொடாவிட்டாலும் குற்றமில்லை. 'பெஸ்டோ' என்றால் மேலிருந்து கீழே வழங்குவது. 'கிராண்ட்' என்றால் அதிகாரம் உடையவர் இசைந்து அளிப்பது. முதல்நாள் நான் எழுதியது இதைத்தான். 'பே' என்றால் கொடுக்கக் கடமைப்பட்டதைச் செலுத்துவது. 'காம்பென்சேட்' என்பது இலத்தீனில் இரண்டைச் சேர்த்துத் தராசில் நிறுப்பது என்னும் பொருளிலிருந்து வந்தது. ஒரு தட்டில் இழந்தது, மறுதட்டில் ஈடு. தமிழிலும் இழப்பீடு என்கிறோம். அதில் 'ஈடு' என்றால் நிகர். ஈகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாளிதழ்களோ 'நிவாரணம் வழங்கப்பட்டது' என்று எழுதுகின்றன. துயர் தீர்ப்பது நிவாரணம், இழந்ததற்கு நிகர் வைப்பது இழப்பீடு. எழுதும் அவசரத்தில் ஒன்று மற்றொன்றின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறது.

பையன் 'கிராண்ட்' என்பதைத் தன் கையாலேயே அடித்தான். 'பே' என்றும் 'காம்பென்சேஷன்' என்றும் எழுதினான். 'கைண்ட்லி' இருக்கட்டுமா என்று கேட்டான். மரியாதை வேறு, கெஞ்சல் வேறு. அது இருக்கட்டும் என்றேன். எத்தனை நாள் தொழில் இல்லை, எத்தனை வலை பாழாயிற்று, படகின் பதிவெண் என்ன என்பதையெல்லாம் அவன் தாயார் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். முதல்நாள் மனுவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அருளச் சொல்லும்போது கணக்கு எழுத வேண்டியதில்லை அல்லவா?

எண்ணூர்ப் பகுதிக்கென்று தமிழ்நாடு அரசு அந்த மாதமே 8 கோடியே 68 இலட்சம் ரூபாய் அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் 2,301க்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். இன்னும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். அதுவும் நிவாரணம் என்றே அறிவிக்கப்பட்டது. பையனின் வீட்டாருக்கும் தொகை வந்தது. அவன் தாயார் அதை எண்ணிப் பார்த்து, வலையின் விலையையும் வேலையின்றிக் கழிந்த நாள்களையும் கூட்டிப் பார்த்து, தட்டு இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது என்றார். நான் சொன்ன தராசு உவமையைப் பையன் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

பல மாதங்களுக்குப் பின் ஒருநாள் அஸ்ருக்குப் பிறகு அந்த அம்மையார் வந்தார். கையில் ஒரு பை. ஆற்றில் மீண்டும் மடவை பிடிபடத் தொடங்கியிருந்தது. பணம் எடுக்க நான் சட்டைப் பையைத் தொட்டதும் முறைத்தார். இது ஹதியாவா, ஸதகாவா, பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு ஈடா என்று வழக்கம்போல் என் மனம் அகராதியைப் புரட்டத் தொடங்கிற்று. அவர் பையை நீட்டி, "இந்தாங்க பாய்" என்றார்.

ஈ, தா, கொடு மூன்றில் எதுவும் அதில் இல்லை. வாங்கிக்கொண்டேன்.